விண்கலத்தில் நரியும் முயலும்: வாசகர் கேள்வி – பதில்

நின்டெண்டோ நிறுவனத்தின் 'ஸ்டார் ஃபாக்ஸ்' வீடியோ கேம் வரிசையைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். விண்வெளிப் போரில் கலம் ஓட்டும் விலங்குகளைப் பற்றி மேலும் அறிய விரும்பிப் பலர் எழுதியிருக்கிறீர்கள். அக்கேள்விகளுக்கு இவ்விதழில் விடையளிக்கிறேன்.

கேள்வி: விண்வெளிப் போர் என்றால் மனிதர்களோ ரோபோக்களோ வருவதுதான் வழக்கம். இந்த விளையாட்டில் மட்டும் நரியும் முயலும் தவளையும் விமானிகளாக வருவது ஏன்? சிறுவர்களைக் கவர்வதற்காகத்தானா?

சிறுவர்களைக் கவர்ந்தது உண்மை. ஆனால் தொடக்கம் அங்கே இல்லை. முதல் 'ஸ்டார் ஃபாக்ஸ்' 1993-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்தது. அதன் தயாரிப்பாளரான ஷிகெரு மியமோட்டோ, மனிதர்கள், ரோபோக்கள், அசுர உருவங்கள் என்று பலரும் சொல்லித் தேய்ந்துபோன விண்வெளிக் கதையைத் தாமும் ஒருமுறை சொல்ல விரும்பவில்லை. அவருக்கு வழி காட்டியது அவர் பணிபுரிந்த நகரமே. நின்டெண்டோவின் தலைமையகம் இருக்கும் கியோட்டோவில் ஃபுஷிமி இனாரி என்னும் புகழ்பெற்ற ஷிண்டோ ஆலயம் உள்ளது. அங்கே மலைப்பாதை நெடுகிலும் ஆயிரக்கணக்கான செந்நிறத் தோரண வாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. வளைவுகளுக்குள் புகுந்து புகுந்து பறக்கும் ஒரு விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தவருக்கு அந்த வாயில்கள் நினைவுக்கு வந்ததும், அந்த ஆலயத்தின் நரியும் கூடவே வந்துவிட்டது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழில் நரி என்றால் தந்திரம் என்றுதான் முதலில் தோன்றும். 'குள்ளநரித்தனம்' என்று ஒரு சொல்லே நம்மிடம் இருக்கிறது. இனாரி வழிபாட்டில் நரி அப்படிப்பட்டதன்று. அது நெல்லுக்கும் விளைச்சலுக்கும் உரிய தெய்வத்தின் தூதுவன். ஆலய வாசலில் காவல்போல் அமர்ந்திருப்பது. கதைத் தலைவனான ஃபாக்ஸ் மெக்கிளவுடிடம் சூழ்ச்சி ஏதும் இல்லாமல், சொன்ன பணியை முடிக்கும் நிதானம் மட்டுமே இருப்பதைப் பார்க்கும்போது, இந்தப் பின்னணி தெரிந்திருந்தால் வியப்புத் தோன்றாது.

மற்ற விலங்குகளை வடிவமைத்தவர் தகாயா இமாமுரா என்னும் ஓவியர். முயலும் பறவையும் ஜப்பானிய நாட்டுப்புறக் கதைகளில் நெடுங்காலமாகப் பழகிய உருவங்கள். அவற்றிலிருந்து முதிய விமானி பெப்பியும் செருக்கு மிகுந்த ஃபால்கோவும் பிறந்தார்கள். தவளையான ஸ்லிப்பி, தவளையைத் தம் அடையாளச் சின்னமாக வைத்துக்கொண்டிருந்த உடன்பணியாளர் ஒருவரை நினைத்து வரையப்பட்டவன். போரிடும் இரு தரப்பையும் மொழியே தீர்மானித்துக் கொடுத்தது. நாம் ஒத்துப்போகாத இருவரை 'எலியும் பூனையும்' என்போம். ஜப்பானியர் 'நாயும் குரங்கும்' என்பார்கள். ஆகவே கார்னேரியாக் கோளைக் காக்கும் படையினரும் அதன் தளபதி பெப்பரும் நாய்களானார்கள். வெனம் கோளிலிருந்து படையெடுத்து வரும் விஞ்ஞானி ஆண்ட்ராஸும் அவன் ஆட்களும் குரங்குகளானார்கள். ஒரு மரபுத்தொடர் அப்படியே ஒரு விண்மீன் மண்டலத்தின் அரசியலாக விரிந்திருப்பது எனக்கு இன்றும் மிகவும் பிடித்த செய்தி.

கேள்வி: முதல் விளையாட்டின் அட்டைப்படத்தில் இருப்பவை வரைந்த படங்களா, பொம்மைகளா?

பொம்மைகள்தாம். விமானிகளை உண்மையான பொம்மைகளாகச் செய்து, ஒளியமைத்துப் புகைப்படம் எடுத்தார்கள். பிரிட்டனின் பொம்மலாட்டத் தொலைக்காட்சித் தொடர்கள் மீது மியமோட்டோவுக்கு இருந்த பற்றே இதற்குக் காரணம். பின்னாளிலும் அந்தப் பற்று குறையவில்லை. 2015 ஜூனில் 'ஸ்டார் ஃபாக்ஸ் ஜீரோ'வை அறிமுகப்படுத்தியபோது மியமோட்டோவும் நிறுவனத் தலைவர் சட்டோரு இவாட்டாவும் அமெரிக்கக் கிளையின் தலைவரும் ஜிம் ஹென்சன் நிறுவனம் செய்து தந்த பொம்மைகளின் உருவில் திரையில் தோன்றினார்கள். அடுத்த மாதமே இவாட்டா காலமானார் என்பதால் அந்தச் சிறிய காட்சியை இப்போது பார்க்கும்போது மனம் கனக்கிறது.

கேள்வி: 1993-ஆம் ஆண்டு விளையாட்டை அண்மையில் பார்த்தேன். விண்கலங்கள் காகிதத்தை மடித்துச் செய்தவைபோல் முக்கோணம் முக்கோணமாக இருக்கின்றன. ஆனால் விமானிகளின் முகங்கள் மட்டும் தெளிவாக இருக்கின்றன. இந்த வேறுபாடு ஏன்?

கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கான விடையில்தான் இவ்வரிசையின் உயிர்நாடி இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

முதல் விளையாட்டு வெளிவந்த சூப்பர் நின்டெண்டோ, தட்டையான படங்களை நகர்த்துவதற்காகச் செய்யப்பட்ட கருவி. முப்பரிமாண உருவங்களைக் கணக்கிட்டு வரையும் வலு அதற்கு இல்லை. லண்டனில் இயங்கிய ஆர்கொனாட் என்னும் சிறு நிறுவனத்தின் இளைஞர்கள், அதற்கு முன்பே கையடக்கக் கருவியான கேம்பாயில் கோடுகளாலான முப்பரிமாண விளையாட்டு ஒன்றை ஓட்டிக்காட்டி நின்டெண்டோவின் கவனத்தைப் பெற்றிருந்தார்கள். கருவியை மாற்ற முடியாவிட்டால் என்ன, விளையாட்டைப் பதிந்து கருவியில் செருகும் கேட்ரிட்ஜுக்குள்ளேயே தனியாக ஒரு கணிப்புச் சில்லை வைத்துவிடலாம் என்பது அவர்கள் கண்ட வழி. அந்தச் சில்லுதான் 'சூப்பர் எஃப்எக்ஸ்'. டிலன் கத்பர்ட், ஜைல்ஸ் கொடார்ட் போன்ற ஆர்கொனாட் நிரலாளர்கள் கியோட்டோவுக்கே சென்று ஜப்பானியக் குழுவுடன் அமர்ந்து பணியாற்றினார்கள்.

சில்லு வந்த பிறகும் வலு மட்டானதே. ஒவ்வொரு விண்கலத்தையும் மிகச் சில பலகோணங்களைக் கொண்டே கட்ட வேண்டியிருந்தது; அவற்றின்மேல் நிறம் பூசுவதற்கு அப்பால் நுணுக்கம் அதிகம் சேர்க்க இயலவில்லை. ஃபாக்ஸ் ஓட்டும் 'ஆர்விங்' கலமும், அவனுக்கு இருபுறமும் பறக்கும் தோழர்களின் கலங்களும் ஒரே வடிவம். தொலைவில் சென்றுவிட்டால் எது ஃபால்கோ, எது பெப்பி என்று சொல்ல முடியாது. இந்த நிலையில் அவர்களை யாரென்று காட்டுவது எப்படி?

திரையின் கீழ்ப்புறத்தில் திறக்கும் சிறிய பெட்டிதான் அதற்கு விடை. அதனுள் தட்டையாக வரைந்த ஒரு முகம், பக்கத்தில் ஓரிரு வரி வசனம், வாய் திறந்து மூடும் அசைவு, எந்த மொழியிலும் சேராத ஒரு குரல்துணுக்கு. அவ்வளவுதான். அந்தப் பெட்டியின் அளவில் நான்கு மனித முகங்களை வரைந்திருந்தால், எதிரியின் குண்டுகளுக்கு நடுவே ஓரக்கண்ணால் பார்க்கும் ஆட்டக்காரருக்கு நால்வரும் ஒருவராகவே தெரிந்திருப்பார்கள். விலங்கு முகமோ விளிம்பைக் கண்டவுடனேயே விளங்கிவிடுகிறது. நீண்ட காது தெரிந்தால் பெப்பி. அலகு தெரிந்தால் ஃபால்கோ. அகன்ற வாய் தெரிந்தால் ஸ்லிப்பி. எழுத்தைப் படிப்பதற்கு முன்பே யார் அழைக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். ஆபத்தில் இருப்பது யார் என்பதும் தெரிந்துவிடும். கருவியின் போதாமையும் ஓவியரின் தேர்வும் இவ்வளவு பொருத்தமாகக் கைகோத்த இடம் வீடியோ கேம் வரலாற்றில் அதிகம் இல்லை.

கேள்வி: ஐயா, ஸ்லிப்பி என்ற தவளை ஆணா பெண்ணா? எங்கள் வீட்டில் இதைப் பற்றி நீண்ட வாக்குவாதம் நடக்கிறது. மேலும், ஒவ்வொரு முறையும் அவனை நாம்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அவனால் குழுவுக்கு என்ன பயன்?

ஆண். 1997-இல் நின்டெண்டோ 64 கருவிக்கு வந்த 'ஸ்டார் ஃபாக்ஸ் 64' விளையாட்டின் ஆங்கிலப் பதிப்பில் அவனுக்குக் குரல் கொடுத்தவர் ஒரு பெண் என்பதால் பலருக்கும் இந்த ஐயம் வந்தது.

பயனைப் பற்றிய இரண்டாவது கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல விரும்புகிறேன். ஸ்லிப்பிக்கு உரிய நியாயம் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு. அவன் போர்வீரன் என்பதைவிடப் பொறியாளன். நீருக்கடியில் செல்லும் 'புளூ மரீன்' கலம் அவன் படைப்பு. ஒவ்வொரு கட்டத்தின் இறுதியிலும் வரும் பெரிய எதிரியின் கவசம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைத் திரையில் ஒரு பட்டையாகக் காண்கிறோம் அல்லவா? அந்த அளவைக் கணித்துத் தருபவன் ஸ்லிப்பி. முந்தைய கட்டத்தில் அவனைக் கைவிட்டுவிட்டு இந்தக் கட்டத்துக்கு வந்தால் அந்தப் பட்டை திரையில் தோன்றாது. எதிரி சாகும் தறுவாயில் இருக்கிறானா, இன்னும் பாதிக்கூடக் குறையவில்லையா என்பது தெரியாமல் இருட்டில் அடிப்பதுபோல் சுட்டுக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் இவ்வளவு நாளும் அவன் செய்துவந்த வேலை நமக்குப் புரிகிறது.

'செக்டர் எக்ஸ்' என்ற கட்டத்தை ஆடிப் பாருங்கள். அங்கே வரும் மாபெரும் ரோபோவை விரைந்து வீழ்த்தாவிட்டால், ஸ்லிப்பி தானே முன்சென்று அதைத் தாக்க முயல்வான். ரோபோவின் கை ஒன்று அவன் கலத்தை ஓங்கி அறையும். கலம் சுழன்று சுழன்று விண்வெளியில் சிறுத்து மறையும்போது அவன் அலறல் மட்டும் கேட்கும். அடுத்ததாக நாம் போக நினைத்திருந்த வழி அடைபட்டு, அவன் விழுந்து கிடக்கும் டைட்டானியா என்ற பாலைநிலக் கோளுக்கு, பறக்கும் கலத்தை விட்டுவிட்டு 'லேண்ட்மாஸ்டர்' டாங்கியில் ஊர்ந்து செல்ல வேண்டியதாகிறது. ஒரு தோழனைத் தேடிச் செல்வதற்காகவே ஒரு முழுக் கட்டம். தோற்றவனைத் தண்டிக்க விளையாட்டுகள் எத்தனையோ வழிகளைக் கையாளுகின்றன. இங்கே தண்டனையே மீட்புப் பயணமாக இருக்கிறது. பயனற்றவன் ஒருவனுக்காக வடிவமைப்பாளர்கள் இவ்வளவு உழைத்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: பெப்பி சொல்லும் 'பேரல் ரோல்' என்ற வசனம் ஏன் இவ்வளவு புகழ்பெற்றது? விமானவியலில் அது தவறு என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

உண்மைதான். விமானம் தன் நீள அச்சிலேயே, சூலத்தில் கோத்த பொருள் சுழல்வதுபோல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் அதற்கு 'ஐலரான் ரோல்' என்று பெயர். பேரல் ரோல் என்பது வேறு. அதில் விமானம் தன்னைச் சுற்றிக்கொள்வதோடு, ஒரு பெரிய பீப்பாயின் உட்சுவரை ஒட்டி ஓடுவதுபோல் திருகுச்சுருள் பாதையிலும் செல்லும். ஆர்விங் செய்வது முதல்வகைச் சுழற்சி. பெப்பி சொல்வதோ இரண்டாம் வகையின் பெயர்.

'ஸ்டார் ஃபாக்ஸ் 64'-இல் பொத்தானை இருமுறை விரைவாகத் தட்டினால் கலம் சுழன்று, எதிரியின் லேசர் கதிர்களைத் தெறிக்கவிடும். புதிதாக ஆடுபவர் திணறும் நேரத்தில் அதை நினைவூட்டவே பெப்பி குரல் கொடுக்கிறார். அவருக்கும் வில்லன் ஆண்ட்ராஸுக்கும் ஆங்கிலத்தில் குரல் கொடுத்தவர் ரிக் மே என்ற ஒரே நடிகர். 2020 ஏப்ரலில் அவர் மறைந்தபோது உலகெங்கும் ஆட்டக்காரர்கள் அஞ்சலி செலுத்தினார்கள். முதியவரின் கரகரப்பும், 'சொன்னதைச் செய், பிழைத்துக்கொள்வாய்' என்னும் அக்கறையும் அந்தக் குரலில் கலந்திருந்தன. வசனம் புகழ்பெற்றதற்குக் குரலின் பங்கு பெரிது. கூகுள் தேடலில் 'டூ எ பேரல் ரோல்' என்ற அந்த ஆங்கிலத் தொடரைத் தட்டினால் பக்கமே ஒருமுறை சுழலும்படி 2011-இல் செய்துவைத்தார்கள்.

மற்ற பாத்திரங்களை 'அவன்' என்று எழுதும் நான் பெப்பியை மட்டும் 'அவர்' என்று எழுதுவதைக் கவனித்திருப்பீர்கள். ஃபாக்ஸின் தந்தையோடு தோளோடு தோள் நின்று பறந்த மனிதர் அவர். மனிதர் என்றே எழுதிவிட்டேன். திருத்த மனம் வரவில்லை.

கேள்வி: ஃபால்கோ எப்போதும் எரிந்து விழுகிறான். காப்பாற்றினால்கூட நன்றி சொல்வதில்லை. இப்படி ஒரு தோழனை ஏன் படைத்தார்கள்?

அவன் நன்றியைச் சொல்லால் காட்டுவதில்லை, செயலால் காட்டுகிறான். கார்னேரியாவில் நடக்கும் முதல் கட்டத்தில் ஃபால்கோவைத் துரத்தும் எதிரிகளை வீழ்த்திவிட்டு, நீருக்குமேல் வரிசையாக நிற்கும் கல்வளைவுகள் அனைத்தின் உள்ளேயும் ஒன்று விடாமல் பறந்து பாருங்கள். ஃபால்கோ தன்னைப் பின்தொடரும்படி அழைத்து, ஓர் அருவியைக் கிழித்துக்கொண்டு போவான். அதன் பின்னே வேறொரு பாதை, வேறொரு பெரிய எதிரி, அதற்கப்பால் வேறொரு கோள். மொத்தம் 15 இடங்கள் இருக்கும் அந்த விளையாட்டில் ஒருமுறை ஆடும்போது 7 கட்டங்களை மட்டுமே காண முடியும் என்பதால், பாதை மாறுவது சிறிய செய்தியன்று. அவனைக் காப்பாற்றாதவருக்கு அந்த அருவி வெறும் அருவியாகவே இருக்கும். திறமையை மட்டுமே மதிக்கும் ஒருவன் நம்மை மதித்துவிட்டான் என்பதை இதைவிட நயமாகச் சொல்ல முடியுமா?

கேள்வி: எதிரணியான 'ஸ்டார் உல்ஃப்' பற்றிச் சொல்லுங்கள். அவர்களும் விலங்குகள்தாமே?

ஆம். ஒரு கண்ணை மறைத்த ஓநாய் உல்ஃப் ஓ'டானல், பச்சோந்தி லியோன், பன்றி பிக்மா, ஆண்ட்ராஸின் மருமகனான குரங்கு ஆண்ட்ரூ ஆகிய நால்வரும் 'ஸ்டார் ஃபாக்ஸ் 64'-இல் அறிமுகமானார்கள். ஒவ்வொருவரும் ஒருவரைத் தேர்ந்துகொண்டு துரத்துவதுதான் இவர்களின் சிறப்பு. உல்ஃப் நம் பின்னால் வருவான். லியோன் ஃபால்கோவையும், பிக்மா பெப்பியையும், ஆண்ட்ரூ ஸ்லிப்பியையும் விடாமல் விரட்டுவார்கள். ஆகவே நம்மைக் காத்துக்கொள்ளும் அதே வேளையில் மூவரில் யாருக்கு முதலில் உதவுவது என்று கணத்துக்குக் கணம் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

இவர்களில் என்னை உலுக்கியவன் பிக்மா. அவன் ஒருகாலத்தில் ஃபாக்ஸின் தந்தை ஜேம்ஸ், பெப்பி ஆகியோருடன் சேர்ந்து பறந்தவன். வெனம் கோளை வேவு பார்க்கச் சென்ற இடத்தில் அவன் காட்டிக்கொடுத்ததால் ஜேம்ஸ் ஆண்ட்ராஸிடம் சிக்கினார். பெப்பி மட்டும் உயிர்தப்பி வந்து செய்தியைச் சொன்னார். இந்தக் கதை தெரிந்த பிறகு, பிக்மா பெப்பியைத் துரத்தியபடி பழைய நட்பைச் சொல்லிக் குத்திக்காட்டும் காட்சியைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

கேள்வி: கிரிஸ்டல் என்ற நீலநிறப் பெண் நரி முதலில் இந்த வரிசைக்காகப் படைக்கப்பட்டவள் அல்லள் என்பது சரியா?

சரி. இங்கிலாந்தின் 'ரேர்' நிறுவனம் 'டைனோசர் பிளானட்' என்ற பெயரில் தனியாக ஒரு சாகச விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தது. கிரிஸ்டலும் சேபர் என்ற இளைஞனும் அதன் தலைமைப் பாத்திரங்கள். சேபரின் உருவம் ஃபாக்ஸை ஒத்திருப்பதை மியமோட்டோ சுட்டிக்காட்டியதன் விளைவாக, அந்த விளையாட்டு உருமாறி 2002-இல் கேம்கியூப் கருவிக்கு 'ஸ்டார் ஃபாக்ஸ் அட்வென்சர்ஸ்' என வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ரேர் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது.

அந்த மாற்றத்தால் ஃபாக்ஸ் பெரும்பகுதி நேரம் கலத்தைவிட்டு இறங்கிக் கையில் ஒரு மந்திரக்கோலுடன் நடந்து திரிய நேர்ந்தது. அதற்கு உரியவளான கிரிஸ்டலோ பெரும்பாலும் படிகத்துக்குள் சிறைப்பட்டுக் காத்திருந்தாள். என் மனத்துக்கு இது ஒவ்வவில்லை. தனக்கென்று ஒரு விளையாட்டு பெற்றிருக்க வேண்டியவள் அவள். 2005-இல் 'அசால்ட்' விளையாட்டில் விமானியாகப் பறந்து, பிறர் எண்ணத்தை உணரும் தன் ஆற்றலால் குழுவுக்கு உதவியபோதுதான் அவளுக்கு உரிய இடம் கிடைத்தது. அடுத்து 2006-இல் வந்த 'கமாண்ட்' விளையாட்டில் ஒன்பது வெவ்வேறு முடிவுகள் உள்ளதால், அவள் கதை எப்படி முடிகிறது என்று ஒரே வரியில் சொல்ல இயலாது.

கேள்வி: ஐரோப்பாவில் இருக்கும் உறவினர் இதை 'ஸ்டார்விங்' என்கிறார். இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான். ஜெர்மனியில் ஒத்த ஒலியுடைய பெயரில் ஒரு நிறுவனம் இருந்ததால், முதல் விளையாட்டு ஐரோப்பாவில் 'ஸ்டார்விங்' என்றும் 64 விளையாட்டு 'லைலட் வார்ஸ்' என்றும் வெளியாயின. ஐரோப்பியப் பதிப்பில் கூடுதலாக ஒரு நன்மை உண்டு: விமானிகள் ஆங்கிலத்தில் பேசாமல், முதல் விளையாட்டில்போல் பொருளற்ற ஒலிகளில் பேசும்படி அமைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: 'ஸ்டார் ஃபாக்ஸ் 2' நெடுங்காலம் வெளிவரவில்லையாமே? அதில் வேறு விமானிகள் உண்டா?

1990-களின் நடுவில் ஏறத்தாழ முடிக்கப்பட்டு, வெளியிடாமல் நிறுத்தப்பட்ட விளையாட்டு அது. புதிய கருவிகள் முப்பரிமாணத்தில் பெரும் பாய்ச்சல் காட்டத் தொடங்கியிருந்தன. நின்டெண்டோ 64-உம் வரவிருந்தது. கடைசியில் 2017-இல் 'சூப்பர் நின்டெண்டோ கிளாசிக்' என்ற சிறு கருவியில் முறையாக வெளியிட்டார்கள். செய்தவர்கள் இரண்டு பத்தாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தார்கள்.

அதில் மியூ என்ற காட்டுப்பூனை இனப் பெண்ணும் ஃபே என்ற நாயினப் பெண்ணும் புதிய விமானிகள். மற்றவற்றில் பெரும்பாலும் ஃபாக்ஸாகவே ஆட வேண்டும்; இங்கோ ஆறு பேரில் ஒருவரையும் அவருக்குத் துணையாக இன்னொருவரையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். கலங்களின் கவசமும் இயல்பும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆர்விங் இரண்டு கால் முளைத்து நடக்கும் வடிவமும் இதில்தான் முதலில் இடம்பெற்றது. 2016-இல் வந்த 'ஸ்டார் ஃபாக்ஸ் ஜீரோ' அதை மீண்டும் எடுத்துக்கொண்டது. மியூவும் ஃபேயும் பிந்தைய விளையாட்டுகளில் குழுவுக்குத் திரும்பாதது எனக்கு ஒரு குறை.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. எதில் தொடங்கலாம்? தோழர்கள் இறப்பதுபோன்ற காட்சிகள் மனத்தைப் பாதிக்குமா?

'ஸ்டார் ஃபாக்ஸ் 64'-இல் தொடங்கச் சொல்லுங்கள். நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியின் கட்டணச் சேவையில் அது கிடைக்கிறது.

உங்கள் இரண்டாவது கவலை பொருளுள்ளது. 1993-ஆம் ஆண்டு விளையாட்டில் ஒரு தோழனின் கலம் அழிந்தால் அவன் அந்த ஆட்டம் முடியும்வரை திரும்புவதில்லை. அவன் பறந்த இடம் வெறுமையாகவே இருக்கும். 64 விளையாட்டில் அப்படியன்று. கவசம் தீர்ந்தவர் தாய்க்கலமான 'கிரேட் ஃபாக்ஸு'க்குப் பின்வாங்கிச் செல்வார். அடுத்த கட்டத்தில் கலம் பழுதுபார்க்கப்படுவதால் வர மாட்டார். அதற்கடுத்த கட்டத்தில் வந்துவிடுவார். தோழர் பேசும்போது முகத்தின் பக்கத்திலேயே அவர் கவசம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஒரு சிறு பட்டை காட்டும். கட்டத்துக்குரிய பதக்கத்தைப் பெற, குறித்த எண்ணிக்கையில் எதிரிகளை வீழ்த்துவது மட்டும் போதாது. தோழர் மூவரும் நலமாக இருக்கவும் வேண்டும். எத்தனை பேரை வீழ்த்தினாய் என்பதோடு எத்தனை பேரைக் காத்தாய் என்றும் கேட்கிற போர் விளையாட்டைப் பத்து வயதுக் குழந்தையின் கையில் கொடுக்க எனக்குத் தயக்கம் இல்லை.

'ஜீரோ'வைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தொலைக்காட்சித் திரையையும் கையிலுள்ள திரையையும் மாறி மாறிப் பார்த்து, கருவியைச் சாய்த்துக் குறிவைக்க வேண்டிய அதன் அமைப்பு, பழகியவர்களையே திணறடிக்கிறது.

கேள்வி: 64 விளையாட்டின் இறுதியில் ஃபாக்ஸின் தந்தை வருகிறார் என்கிறார்கள். நான் பலமுறை முடித்தும் அவரைப் பார்த்ததில்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா?

நீங்கள் எளிய வழியாக வெனம் கோளுக்குச் சென்றிருப்பீர்கள். அங்கே நீங்கள் வீழ்த்துவது ஆண்ட்ராஸைப் போலவே செய்யப்பட்ட ஓர் இயந்திரத்தை. ஏரியா 6 என்ற பாதுகாப்பு வளையத்தை உடைத்துக்கொண்டு கடின வழியில் சென்றால், ஸ்டார் உல்ஃப் நால்வரையும் எதிர்கொண்ட பிறகு, தோழர்களை வெளியே விட்டுவிட்டு ஃபாக்ஸ் தனியாகச் சுரங்கத்துக்குள் நுழைய வேண்டும். அவ்வளவு நேரமும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த முகங்கள் ஒன்றுகூடத் திரையில் இல்லை. ஆட்டம் முழுவதிலும் நாம் உண்மையிலேயே தனித்திருக்கும் இடம் அது ஒன்றுதான்.

ஆண்ட்ராஸ் அழிந்து சுரங்கம் வெடிக்கத் தொடங்கும்போது, புகைக்கு நடுவே முன்னால் இன்னொரு ஆர்விங் தெரியும். மனம் தளராதே என்று ஒரு குரல் சொல்லும். கிளை கிளையாகப் பிரியும் இருண்ட வழிகளில் எது சரியென்று யோசிக்க நேரமிருக்காது. அந்தக் கலத்தின் பின்பகுதியில் எரியும் ஒளியை மட்டும் பார்த்துக்கொண்டு, அது திரும்பும் பக்கமெல்லாம் நாமும் திரும்பிப் பின்தொடர வேண்டும்.

அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதற்கு அந்த விளையாட்டு விடை சொல்வதில்லை. வெளியே வந்ததும் ஃபாக்ஸ் அங்குமிங்கும் தேடுகிறான். முன்னால் சென்ற கலம் எங்கும் இல்லை. தோழர்கள் மூவரும் பறந்து வந்து சேர்ந்துகொள்கிறார்கள். என்ன ஆயிற்று என்று அவர்களில் ஒருவர் கேட்க, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அவர்களோடு வரிசையில் சேர்ந்து வீடு நோக்கிப் பறக்கிறான்.